கரையேற்றும் நேரம்

எதை எழுதினாலும் முதலில் ஒரு வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. படம் கீறுகிற தொழிலில் இருந்தவனுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். ஜெசிந்தா மிஸ்ஸின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய தம்பியின் மகள் கேட்டபோதும் அப்படித்தான் செய்தேன். நான் போட்ட வரிசை இது:

1. செய்தி எனக்கு வந்த விதம்.
2. எங்கள் படகுப் பட்டறையின் முன்பக்கமும் பின்பக்கமும்.
3. கரையேற்றுவதைப் பார்க்க மிஸ் எங்களைக் கூட்டிப்போனது.
4. அதன் பிறகு அவர் செய்த ஒரு பிழை.
5. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது.

நினைவு மலரில் பிழையைப் பற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் மற்றவர்கள் சொல்லும் பிழைகளைக் கேட்டு வாங்கி வருவதையே வேலையாகச் செய்தவர் அவர். புகழ்ச்சியை மட்டும் எழுதினால் அவருக்கே பொறுத்திருக்காது. அதனால் நான்காவதை எடுக்காமல் வைத்தேன்.

செய்தி முச்சக்கரவண்டியில் வந்தது. காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி கட்டிய வண்டி எங்கள் ஒழுங்கையால் போனது. மரண அறிவித்தல் என்று தெரிந்தது. பெயர் தெளிவாகக் கேட்கவில்லை. ‘முன்னாள் படகுத் தொழிற்சாலை ஊழியர்’ என்ற சொற்கள் மட்டும் காதில் விழுந்தன. வாயைக் கொப்புளித்துவிட்டுப் படலைக்குப் போவதற்குள் வண்டி திரும்பிவிட்டது. ஊழியர் என்றால் யார்? எங்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்களை மனதுக்குள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார்: “தேவாலயத்தடி ஜெசிந்தா மிஸ்ஸாம். இரவு நித்திரையிலேயே போயிட்டாவாம்.”

‘ஊழியர்’ என்ற சொல் அன்று முழுவதும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. பிழையான சொல் அல்ல. அறிவித்தல் எழுதியவருக்கு வேறு சொல் கிடைத்திருக்காது. எங்களுக்கே அவருடைய வேலைக்கு ஒரு பெயர் இருக்கவில்லை. சம்பளப் பட்டியலில் ‘எழுதுவினைஞர்’ என்று இருந்தது. உண்மையில் அவர் செய்தது, எங்களிடம் படகு வாங்கியவர்களை வாங்கிய பிறகும் போய்ப் பார்ப்பது.

இளையவர்கள் அறிவதற்காகச் சொல்கிறேன். துறைமுகப் பக்கம் எங்கள் பட்டறை இருந்தது. கண்ணாடி நாரையும் றெசினையும் கொண்டு சிறு மீன்பிடிப் படகுகள் வார்த்தோம். முன்பக்கம் கணக்கும் விற்பனையும் பார்க்கும் கந்தோர், பின்பக்கம் வார்ப்புக் கொட்டில், இடையில் ஒரு கதவு. றெசின் மணம் வரக்கூடாது என்று அந்தக் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருந்தார்கள். கொட்டிலுக்குப் பொறுப்பு கனகசபை. எல்லோருக்கும் கனகு அண்ணை. கை சுத்தமான வேலைக்காரர். வாய் அப்படி இல்லை. கந்தோருக்கு அவர் வைத்த பெயர் ‘வாய்க் கந்தோர்’. கந்தோரில் இருந்தவர்கள் கொட்டிலை ‘ஊமைக் கொட்டில்’ என்றார்கள். கதவுக்குப் பக்கத்தில் படகுகளுக்குப் படம் கீறும் என் மேசை. இரண்டு பக்கத்தாரும் மற்றப் பக்கத்தைப் பற்றி என்னிடம்தான் வந்து முறையிடுவார்கள். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டுவேன்.

மிஸ் வருமுன் ஒரு படகு படலையைத் தாண்டினால் அதன் கதை எங்களுக்கு முடிந்துபோகும். மிஸ் வந்த முதல் கிழமையே கொட்டிலுக்குள் போய், போன வருடம் செய்த படகுகள் இப்போது எங்கே ஓடுகின்றன என்று கேட்டார். கனகு அண்ணை, “கடலில” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். அடுத்த நாள், கரையோர மீனவ ஊர்களுக்குப் போகும் குச்சவெளி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

யுத்தம் நடந்த அந்த நாட்களில் அந்தப் பாதையில் போய் வருவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு இராணுவத் தடையிலும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, மறுபடி ஏறவேண்டும். மிஸ் கிழமைக்கு ஒரு தடவையாவது போனார். திரும்பி வந்து, மீனவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே கொட்டிலில் சொல்வார். தூஷணத்தை மட்டும் விட்டுவிடுவார்; அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்துவார். ஒருநாள் கனகு அண்ணைக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் வடிகட்டித் தரக்கூடாதோ என்று கேட்டார். “வடிச்சால் சாரம் போயிடும் அண்ணை,” என்றார் மிஸ்.

பிறகு வெடிப்புக் கதை தொடங்கியது. படகின் அடியில் நடுவே ஓடும் முதுகுக்குப் பக்கத்தில், பின்பாதியில், ஒரே மாதிரியான வெடிப்பு பல படகுகளில் வந்தது. மிஸ் ஒவ்வொன்றையும் பார்த்து, எங்கே எந்த அளவு என்று வந்து சொன்னார். கனகு அண்ணைக்கு அதைக் கேட்கவே விருப்பமில்லை. மீனவர்கள் கல்லில் போட்டு இழுக்கிறார்கள், குடித்துவிட்டு இழுக்கிறார்கள் என்றார். அவருடைய வார்ப்பு அச்சு அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. கந்தோரில் இருந்தவர்களோ, கொட்டில் றெசினை மிச்சம் பிடிக்கிறது என்றார்கள். இரண்டு பக்கமும் கடுமையாக உழைத்தது. இரண்டு பக்கமும் மற்றதைக் கள்ளன் என்று நினைத்தது. படம் என்னுடையது என்பதால் எனக்குப் பயம். கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கடலில் ஓடும் படகுக்குக் கணக்கு சரியாகவே இருந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதுப் படகு முதன்முதல் கடலில் இறங்கும் நாளில் கொட்டில் ஆட்கள் எல்லோரும் போவோம். நல்ல நேரம் பார்த்துக் காலையில் இறக்குவார்கள். தேங்காய் உடைப்பார்கள், வேதக்காரரான கிறிஸ்தவர்களின் ஊர் என்றால் சுவாமியார் வந்து ஆசீர்வதிப்பார். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு மத்தியானத்துக்குள் பட்டறைக்குத் திரும்பிவிடுவோம். எங்கள் படகை நாங்கள் நன்றாக அறிவோம் என்ற நம்பிக்கை அந்தக் காலைகளால்தான் எங்களுக்கு வந்தது.

மிஸ் அதைத்தான் பிடித்துக்கொண்டார். ஒருநாள் கதவைத் திறந்து இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படி சொன்னார்: “நீங்கள் எல்லாரும் போட் இறங்கிறதை மட்டும்தான் பாத்திருக்கிறியள். ஏறுறதை ஒருத்தரும் பாக்கேல்ல.”

அதற்குக் காரணம் இருந்தது. பொழுதுபட முன் எல்லாப் படகுகளும் கரையேறிவிட வேண்டும், தண்ணீரில் ஒன்றும் கட்டி நிற்கக்கூடாது என்பது அந்தக் கரைகளில் அப்போதைய உத்தரவு. அதே பொழுதுக்குள் நாங்களும் வீடு சேரவேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து நகரத்துக்கு வரும் கடைசி பஸ், படகுகள் திரும்பி வருமுன்பே புறப்பட்டுவிடும். படகை மணலுக்கு ஏற்றிய நேரந்தான் எங்களை வீட்டுக்கு விரட்டிய நேரமும். ஆகையால் படகு செய்தவர்களில் ஒருவராவது அது கரையேறுவதைக் கண்ணால் கண்டிருக்க வழி இல்லை. காணவேண்டுமென்றால் ஓர் இரவு அங்கே தங்கவேண்டும். அந்தக் காலத்தில் நகரத்து ஆண்கள் வேறு ஊரில் ஓர் இரவு தங்குவது சின்ன விஷயம் அல்ல. பெயர் பதிய வேண்டும். ஏன் வந்தாய் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். வீட்டில் ஒருவரும் நித்திரை கொள்ளமாட்டார்கள்.

மிஸ் ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார். முதலாளிக்கு விருப்பமில்லை. கனகு அண்ணை, தனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. துணிவாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். கடைசியில் மிஸ் கனகு அண்ணையிடம் போய், “அண்ணை, உங்கட பிள்ளையை ஊரில அடிக்கினம் எண்டு சொன்னால் போய்ப் பாக்க மாட்டியளோ?” என்று கேட்டார். வார்ப்பு அச்சைப் பற்றித்தான் கேட்கிறார் என்று விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடுத்த கிழமை மூன்று பேரும் போனோம்.

குச்சவெளிக்கு அப்பால் ஒரு சின்னக் கரை. அங்கே தங்கராசா என்பவர் எங்கள் படகு வைத்திருந்தார். தம்பியும் அவருமாகத் தொழிலுக்குப் போவார்கள். மிஸ் சுவாமியார் இருக்கும் பங்குமனையில் தங்கினார். கனகு அண்ணையும் நானும் தங்கராசா வீட்டில். பின்னேரம் கரைக்குப் போனோம். படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. காவலரணில் விசில் ஊதினார்கள். அலை தணியும்வரை நிற்க நேரம் இல்லை. இயந்திரத்தைக் கழற்றவும் நேரம் இல்லை. பின்பக்கத்தில் இயந்திரம் தொங்க, வலையும் மீனும் உள்ளே கிடக்க, அப்படியே இழுத்தார்கள். கரையில் ஆண்கள் போதாது. இழுக்கப் பெண்கள்தான் கூட நின்றார்கள். மணலுக்குள் பவளப் பாறையான முருகைக் கல். படகின் முன்பக்கம் மேட்டில் ஏறும். பின்பக்கம் அந்தரத்தில் தொங்கி, பிறகு ‘தொம்’ என்று கல்லில் விழும். எங்கே விழுந்தது என்று எனக்குக் குனிந்து பார்க்கத் தேவைப்படவில்லை.

தங்கராசாவின் மனைவி பூமணி படகின் விளிம்பைப் பிடித்தபடி எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“இதைச் செய்த ஆக்கள் இவையோ மிஸ்? நல்லாப் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

கனகு அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். நானும் இறங்கினேன். எங்கள் படகு எவ்வளவு பாரம் என்பது எனக்குக் கடதாசியில் தெரியும். தோளில் அன்றுதான் தெரிந்தது.

படகு ஏறியதும், படகடியில் மணலில் இருந்தபடியே சண்டை தொடங்கியது. அடியில் இரண்டு தடித்த சறுக்கு வரிகள் வைத்தால் கல்லைத் தாங்கும் என்றார் கனகு அண்ணை. பாரம் கூடுமே, இழுக்கிறது நாங்களல்லவோ என்றார் பூமணி. முன்பக்கத்தில் பாரத்தைக் குறைக்கலாமா என்று நான் கேட்டேன். முன்பக்கத்தில் கை வைத்தால் அலைக்கு ஏறாது என்றார் தங்கராசா. ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மிஸ் ஒரு பக்கமும் சேராமல் இருந்தார். பட்டறையில் நாங்கள் பிடித்த சண்டைகளைவிட அது பெரிய சண்டை. ஆனால் எல்லோருடைய ஒரு கையும் படகின் மேல் இருந்தது. நான் மணலில் விரலால் கீறிய கோட்டைப் பூமணி காலால் அழித்துவிட்டு, வேறு இடத்தில் கீறச் சொன்னார். அந்தக் கோடுதான் பிறகு எங்கள் புதிய படகின் அடி.

அதற்குப் பிறகு கொட்டிலில் ஒரு புது வழக்கம் வந்தது. செய்தவர்களில் ஒருவர் போய் ஒரு பொழுதாவது கரையேற்றிவிட்டு வரும்வரை அந்தப் படகு முடிந்ததாகக் கணக்கில்லை. இடைக் கதவும் சாத்தப்படவில்லை. றெசின் மணம் முதலாளியின் மேசை வரைக்கும் போனது.

புதிய படகுகள் சரி. முன்பே விற்ற படகுகளை என்ன செய்வது? வாடைக்காற்று தொடங்குமுன் அவற்றைத் திருத்தியாக வேண்டும். அங்கேயே திருத்தலாம் என்றால், றெசினை இறுக வைக்கும் திரவத்தைத் தடைகள் தாண்டிக் கொண்டுபோக அனுமதி கிடைக்கவில்லை. படகுகளை லொறியில் நகரத்துக்குக் கொண்டுவர மட்டும், ஒரு தடவைக்கு இரண்டாக, அனுமதி கிடைத்தது. அதற்காக மிஸ் எத்தனை கந்தோர்களின் வாங்குகளில் உட்கார்ந்து காத்திருந்தார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். வெடிப்புப் பெரிதாக இருந்த படகுகளை முதலில் எடுத்தோம். தங்கராசாவின் படகில் மயிரளவு வெடிப்புத்தான். தன்னுடையது பொறுக்கும், மற்றவர்களுடையதைக் கொண்டுபோங்கள் என்று அவரே சொன்னார்.

அந்த வருடம் காற்று முந்திவிட்டது. அவருடைய படகு முறை வருமுன் ஒருநாள் தங்கராசாவும் தம்பியும் போனார்கள், வரவில்லை. படகும் கிடைக்கவில்லை. அதன் ஒரு துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை.

இனி நான்காவது.

நாங்கள் மூன்று பேரும் செத்தவீட்டுக்குப் புறப்பட முன் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல. அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. காற்று என்று சொல்லுங்கள் என்றார். வேறு ஒன்றும் கதைக்க வேண்டாம் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. அன்று பெரும் காற்று அடித்தது உண்மை. புருஷனை இழந்த பெண்ணுக்கு அதைவிட ஆறுதலான பதில் எங்களிடம் இல்லை.

முற்றத்தில் ஊர் முழுவதும் இருந்தது. கனகு அண்ணை கிணற்றடியில் நின்றுவிட்டார். உள்ளே வர அவரால் முடியவில்லை. பூமணி அழுது முடித்து, தலைமயிரைக் கட்டிக்கொண்டு, மிஸ்ஸைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

“மிஸ், காத்தோ, போட்டோ?”

மிஸ் சொன்னார்: “எங்களுக்குத் தெரியாது பூமணி. காத்தாயும் இருக்கலாம், வெடிப்பாயும் இருக்கலாம். ஆனா போட் எங்கட.”

பூமணி எழும்பி வந்து மிஸ்ஸை ஏசத் தொடங்கினார். அந்த வார்த்தைகளை நான் எழுதமாட்டேன். மிஸ் தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டார். ஒருவர் குறுக்கே வந்து பூமணியைப் பிடித்தபோது, விடுங்கோ என்று கையைக் காட்டினார். ஏச்சு ஓய்ந்தபின், “அடுத்த மாசம் வாறன்,” என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்தச் சொல் எங்களுக்கு முன்பே நகரத்துக்கு வந்துவிட்டது. கேட்டிருந்த படகுகளைச் சிலர் வேண்டாம் என்றார்கள். மிஸ்ஸை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கனகு அண்ணை அன்று வார்ப்பு அச்சின் மேல் படுத்துக் கிடந்தார். வயதான காலத்தில், தான் கண் மூடும்வரைக்கும், தான் வேலை செய்த கந்தோர் என்றால் மிஸ் இருந்த கந்தோர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மிஸ் பிறகு தேவாலயப் பங்கு அலுவலகத்தில் சிறு வேலையொன்றில் இருந்து ஓய்வுபெற்றார்.

இத்தனை வருடமும் நான் நினைத்தது இதுதான்: அந்த ஒரு பதிலில் மிஸ் பிழைவிட்டார். அவர் சொன்னது பொய் அல்ல. ஆனால் தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொன்னதால் யாருக்கு என்ன நன்மை? ஆறுதல் கிடைத்திருக்க வேண்டிய பெண்ணுக்கு ஆயுள் முழுவதும் ஒரு சந்தேகம் கிடைத்தது. வாங்குபவர்களுக்காகக் கதைக்க இருந்த ஒரே ஆளைப் பட்டறை இழந்தது. இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ நன்மை செய்திருப்பார்.

ஐந்தாவது, நான் வைத்துக்கொண்டிருப்பது. பொருளாக ஒன்றும் இல்லை. அந்தக் கரைக்குப் போய் வந்த பிறகு, ஒரு படம் கீறி முடித்தால் மிஸ் என் மேசைக்கு வந்து, “நல்ல வடிவாயிருக்கு. இதை ஆர் இழுக்கிறது?” என்று கேட்பார். மிஸ் போன பிறகு அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டேன். பட்டறை மூடப்பட்டு, வேறு இடங்களில் தண்ணீர்த் தாங்கிக்கும் பாடசாலைக் கதிரைக்கும் படம் கீறியபோதும் கேட்டேன். எனக்குக் கிடைத்த மறுமொழி எத்தனை தடவை சரியாக இருந்ததோ தெரியாது. கேள்வி என்னிடம் இருக்கிறது.

இவ்வளவையும் எழுதி, கட்டுரை முடிந்தது என்று மடித்து வைத்தேன். அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இதில் பூமணியின் பெயர் இருக்கிறது. அவருடைய முற்றம் இருக்கிறது. அவருக்கு எது ஆறுதல் என்று நான் தீர்மானித்தும் இருக்கிறேன். அவரிடம் கேட்கவில்லை. பூமணி இப்போது உப்புவெளியில் மகளோடு இருக்கிறார். பஸ்ஸில் போனேன். கண் பார்வை குறைந்துவிட்டது அவருக்கு. வாசித்துக் காட்டினேன். தங்கராசாவின் பெயர் வந்த இடத்தில் தலையை ஆட்டினார். நான்காவதை வாசித்து முடித்ததும், நிறுத்துங்கோ என்றார்.

“அண்டைக்கு எல்லாரும் வந்து காத்து எண்டு சொல்லிச்சினம் ஐயா. விதி எண்டிச்சினம். காத்தை நான் எங்க போய்ப் பிடிச்சுக் கேக்கிறது? மிஸ் மட்டும்தான் எனக்கு முன்னால ஒரு ஆளாய் வந்து நிண்டவ.”

மாதாமாதம் மிஸ் வந்தாராம். வேலை போன பிறகும் வந்தாராம். அது எனக்குத் தெரியாது. எங்கள் ஒருவருக்கும் தெரியாது. வந்து கதிரையில் இருப்பாராம். பூமணி ஏசுவாராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போவாராம்.

“ஒரு மாசம் வந்தா. எனக்கு ஏச ஒண்டும் வரேல்ல. தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். அண்டைக்குத்தான் ரெண்டு பேரும் அழுதனாங்கள்.” பிறகு, “அவவும் போட் எங்கட எண்டு சொல்லாட்டி நான் ஆரோட அழுதிருப்பன்?” என்று கேட்டார்.

கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தேன். மகள் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

மேலே போட்ட வரிசையை நான் மாற்றவில்லை. அதில் நான்காவது பிழை. அது மிஸ்ஸின் பிழை அல்ல, என்னுடையது. வாசிப்பவர்கள் அப்படியே திருத்தி வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.